கொழிஞ்சாம்பாறையில் குண்டு எழுத்து

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகிற சாலையில், கோபாலபுரம் சோதனைச்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது கொழிஞ்சாம்பாறை. கேரளம்தான். ஆனால் கடைத்தெருவில் நின்றால் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ், அதிலும் ‘ஏனுங்க’ போட்டுப் பேசுகிற தமிழ். இங்கே கடை திறக்கிறவர்கள் பெயர்ப்பலகையில் மூன்று எழுத்தும் கேட்பார்கள்: மலையாளம், தமிழ், ஆங்கிலம். அந்தப் பலகைகளையும் பாக்கெட் லேபிள்களையும் கோயில் நோட்டீஸ்களையும் கம்ப்யூட்டரில் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். நாள் முழுக்க எழுத்துகளோடு கிடப்பதால் அவற்றைப் பற்றிச் சில அழுத்தமான அபிப்பிராயங்கள் சேர்ந்துவிட்டன. அதில் ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன்: குண்டு எழுத்து.

குண்டு எழுத்து என்று கடைக்கு வருகிறவர்கள்தான் சொல்வார்கள். ‘அந்தக் காலத்து ஸ்டைல்ல, குண்டா, உருண்டையா ஒரு எழுத்துப் போடுங்க.’ கோடு தடித்து, முனை மழுங்கி, மூலையெல்லாம் வளைந்து, பார்த்தவுடன் மனதுக்கு ஒரு குதூகலம் தருகிற வகை. ஐஸ்கிரீம் கடை, பேக்கரி, குழந்தைகள் துணிக்கடை, மிட்டாய் பாக்கெட், கல்லூரி டீஷர்ட் என்று எங்கு பார்த்தாலும் இப்போது அதுதான். நாலைந்து வருடமாகவே ‘ரெட்ரோ’ என்ற பெயரில் இது திரும்ப வந்து நிலைத்துவிட்டது. வரட்டும், எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஆங்கிலத்தில் மட்டும் அழகாக வந்து, அதன் கீழே தமிழ் ஏனோதானோ என்று நிற்கிற பலகைகளைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

முதலில் ஆங்கிலத்தின் கதை. இந்த வகையில் எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கக்கூடியது கூப்பர் பிளாக். சிகாகோவைச் சேர்ந்த ஆஸ்வால்ட் புரூஸ் கூப்பர் வரைந்தது. அதே ஊரின் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற எழுத்து வார்ப்பகம் 1922இல் வெளியிட்டது. விளம்பரத்துக்காகவே பிறந்த எழுத்து. கிட்டப்பார்வை வாடிக்கையாளர்களை வைத்திருக்கும் தொலைநோக்குள்ள அச்சகத்தாருக்கானது என்று சொல்லித்தான் விற்றார்கள். பழைமையில் ஊறிய அச்சகத்தார் முகம் சுளித்து, ‘கறுப்பு ஆபத்து’ என்று பெயர் வைத்தார்களாம். ஆபத்தோ இல்லையோ, அது ஓடியது. 1960களிலும் 70களிலும் இரும்புப்பெட்டியால் தேய்த்து டீஷர்ட்டில் ஒட்டுகிற எழுத்துகள் வந்தபோது அந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்து இல்லை. ஓரம் கொஞ்சம் கசிந்தாலும், வரி கொஞ்சம் கோணினாலும் கூப்பர் பிளாக்கில் தெரியாது. அதன் அடிப்பகுதியே நேர்கோடாக இல்லாமல் வளைந்துதான் இருக்கும். ஈசிஜெட் விமான நிறுவனத்தின் பெயர் இன்றும் அந்த எழுத்தில்தான் ஆரஞ்சு நிறத்தோடு பறக்கிறது.

அதற்கு அப்புறம் வந்தவை பல. தாளில் வைத்துத் தேய்த்தால் எழுத்து ஒட்டிக்கொள்ளும் ஷீட்டுகளை லெட்ராசெட் நிறுவனம் விற்ற காலத்தில், 1970இல், ஃபிராங்க்ஃபர்ட்டர் என்று ஒன்று வந்தது. எழுத்தின் இரண்டு முனையும் முழு அரைவட்டம். 1979இல் ஃபோக்ஸ்வாகன் தன் விற்பனை நிலையங்களுக்காக வாக் ரவுண்டட் என்று ஒன்றைச் செய்துகொண்டது. அது பிறகு ஆப்பிள் லேப்டாப்பின் விசைகளில் ஏறி, 2015இல் மாற்றத் தொடங்கும்வரை பல வருடம் அங்கேயே இருந்தது. கார் விற்கப் பிறந்த எழுத்து எங்கே போய் உட்கார்ந்தது பாருங்கள்.

உருண்டை முனையை வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் போர்டு வெட்டுகிற பட்டறையில் வந்து நிற்க வேண்டும். பாதி காரணம் பொருளில் இருக்கிறது. ஏ.சி.பி. என்கிற அலுமினியத் தகடு ஒட்டிய ஷீட்டையும் அக்ரிலிக்கையும் ரௌட்டர் மெஷினில் வெட்டும்போது, சுழல்கிற பிட்டின் விட்டம் 3 மி.மீ. என்றால் எழுத்தின் உள்மூலை ஒவ்வொன்றிலும் 1.5 மி.மீ. ஆரத்துக்கு ஒரு வளைவு விழுந்தே தீரும். கூர்மையான எழுத்தை வரைந்து கொடுத்தால், வெளிமூலை கூர்மையாகவும் உள்மூலை மழுங்கியும் வந்து அரைகுறையாகத் தெரியும். உருண்டை எழுத்தில் அந்தப் பிரச்சினையே கிடையாது. மெஷின் விரும்புகிற உருவமும் கண் விரும்புகிற உருவமும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. ஸ்டிக்கர் வெட்டினாலும் இதே கதை. வேண்டாத வினைலை உரித்தெடுக்கும்போது கூடவே கிளம்பி வருவது கூர்மூலை. வண்டிக் கண்ணாடியில் ஒட்டிய பிறகு வெயிலில் முதலில் தூக்கிக்கொள்வதும் அதே கூர்மூலை. துணிப்பையில் ஸ்கிரீன் பிரிண்ட் அடித்தால் மை கொஞ்சம் பரவும். மெல்லிய கோடு அடைபடும், கூர்முனை பிசிறடிக்கும், குண்டு எழுத்து அப்படியே நிற்கும். அந்தக் காலத்து நியான் விளக்கிலும் இதுதான் நடந்தது. கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி வளைத்தால் வளைவுதான் வரும், மூலை வராது.

இதுவரை சொன்னது எந்த எழுத்துக்கும் பொருந்தும். தமிழுக்கு வரும்போதுதான் விஷயம் சிக்கலாகிறது.

வேலந்தாவளம் பக்கத்திலிருந்து ஓர் அக்கா கடைக்கு வருவார். வீட்டிலேயே முறுக்கும் தட்டுவடையும் சுட்டுப் பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறவர். ‘ஏனுங் தம்பி, கொழந்தைங்க பாத்தா எடுக்கோணும், அப்படி இருக்கோணும் எழுத்து’ என்றார். முறுக்கு என்ற சொல்லைத் திரையில் பெரிதாக்கி வைத்தேன். தமிழ்க் குண்டு எழுத்துக்கு என்னென்ன சோதனை உண்டோ, பெரும்பாலானவை அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன. மு, று, கு: மூன்றிலும் ஒரே உகரம்தான், ஆனால் ஒவ்வோர் எழுத்திலும் ஒவ்வொரு விதமாக ஒட்டுகிறது. ஒன்றில் கீழே இறங்குகிறது, இன்னொன்றில் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு வருகிறது. நடுவில் ‘க்’. அதன் தலைமேல் புள்ளி.

பல இடங்களில் செய்கிற குறுக்குவழி ஒன்று உண்டு. கையில் இருக்கிற சாதாரணத் தமிழ் எழுத்துருவை எடுத்து, அதைச் சுற்றி ஒரு தடித்த அவுட்லைன் போட்டு, மூலைகளை ரவுண்ட் ஆக்கிவிடுவார்கள். அரை நிமிட வேலை. தூரத்தில் பார்த்தால் குண்டு எழுத்துப் போலத்தான் இருக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் கு-வின் உள்ளே இருக்க வேண்டிய இடைவெளி அடைபட்டிருக்கும். று-வின் வளைவும் காலும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். க்-மேல் இருக்கும் புள்ளி கீழே இறங்கி எழுத்தோடு சேர்ந்து, க கொண்டை போட்ட மாதிரி ஆகியிருக்கும். ஆங்கிலத்தில் சிறிய ‘ஐ’யின் மேல் இருக்கும் புள்ளி ஒட்டிப்போனாலும் எப்படியாவது வாசித்துவிடலாம். தமிழில் புள்ளி போனால் மெய்யே போயிற்று.

ஆகவே அவுட்லைன் போடுவது வழியில்லை. எழுத்தை முதலிலிருந்து வரைய வேண்டும், அதுவும் கோடு எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இல்லாமல் வரைய வேண்டும். ட-வுக்கு உள்ளே காலி இடம் நிறைய. முழுத் தடிமனும் தாங்கும். கு-வுக்கும் ஞ-வுக்கும் ணை-க்கும் அது தாங்காது. நெருக்கமான இடத்தில் கோடு மெலிய வேண்டும். ஸ்கேல் வைத்து அளந்தால் வேறு வேறு அளவு, கண்ணால் பார்த்தால் ஒரே கறுப்பு. நல்ல எழுத்துரு வரைகிறவர்களுக்கு இது தெரியும். புள்ளியைச் சும்மா ஒரு வட்டமாக வைக்காமல், எழுத்திலிருந்து தெளிவாக விலக்கி, கோட்டின் தடிமனுக்குக் கொஞ்சம் குறைவாக வைப்பார்கள். அந்த அக்காவின் லேபிளுக்கு நான் முறுக்கு என்ற நான்கு எழுத்தையும் கையால்தான் வரைந்தேன். மீதி விவரங்களை ஓர் எளிய, மெலிந்த எழுத்தில் போட்டேன். எடை, விலை, தயாரித்த தேதி, அதில் சேர்ந்த பொருள்கள் ஆகியவற்றைக் குண்டு எழுத்தில் போடுவது வாசிப்பவருக்குச் செய்கிற கொடுமை.

இன்னொரு தகராறு, தமிழில் நேர்கோட்டு எழுத்துகளும் வளைவு எழுத்துகளும் கலந்திருப்பது. ல, வ, அ, ழ போன்றவை தாமாகவே வளைந்தவை, அவற்றை உருட்ட யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் ப, ட, ம, ய? ப என்பது மூன்று நேர்கோடு, இரண்டு செங்கோணம். அதை எவ்வளவு வளைக்கலாம்? அடிப்பகுதி முழுக்க வளைத்துவிட்டால் அது ஆங்கில ‘யு’. சிலர் அதையே சௌகரியமாக எடுத்துக்கொள்கிறார்கள். கூப்பர் பிளாக்கிலிருந்து ‘யு’வை எடுத்து ப ஆக்கி, ‘எல்’லை எடுத்து ட ஆக்கி, மீதியை வெட்டி ஒட்டித் தமிழ் எழுத்தென்று வைத்துவிடுகிறார்கள். இதை நான் முழு மனதோடு எதிர்க்கிறேன். தமிழ் எழுத்துக்குக் கை போகிற பாதை ஒன்று இருக்கிறது. ப எழுதும்போது மேலிருந்து இறங்கி, அடியில் திரும்பி, மறுபடி மேலே ஏறுகிறோம். தடித்த இடம், மெலிந்த இடம் எல்லாம் அந்தக் கைப்போக்கிலிருந்து வரவேண்டும். ஆங்கிலத்தின் ‘யு’வில் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருப்பது அகன்ற முனைப் பேனாவால் அவர்கள் எழுதிய வழியிலிருந்து வந்தது. அந்தக் காரணம் நம் ப-வுக்குப் பொருந்தாது. மூலையைக் கொஞ்சம் மழுக்கி, செங்கோணத்தின் நினைவு போகாமல் விட்டால் போதும். ப ப-வாகவே இருக்கும், குண்டாகவும் இருக்கும்.

ர-வையும் துணைக்காலையும் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் கீழே சரிந்து இறங்கும் அந்தச் சின்னக் கோடு மட்டும்தான். எ, ஏ இரண்டுக்கும் இடையிலும் அப்படியொரு சின்னக் கோடு. கோட்டைத் தடிக்கவிட்டு முனையை உருட்டினால் இந்தச் சின்ன வால்கள்தான் முதலில் காணாமல் போகும். ண-வும் ன-வும் சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றாகிவிடும். போர்டுத் தொழிலில் ஒரு கணக்குச் சொல்வார்கள்: பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் எழுத்து. அது ஆங்கிலப் பெரிய எழுத்தை மனதில் வைத்துப் போட்ட கணக்கு. தமிழுக்கு அதையே வைத்தால் போதாது. தமிழை ஒரு மடங்கு கூட்டிப் போடுவதே சரி என்பது என் அனுபவம். ஆனால் நடப்பது தலைகீழ். எங்கள் ஊர்ப் பலகைகளில் மலையாளம் பெரிதாக, ஆங்கிலம் அழகாக, தமிழ் கடைசியில், மிச்சமிருக்கிற இடத்தில், விண்டோஸோடு வந்த லதா எழுத்துருவில், பக்கவாட்டில் நசுக்கப்பட்டு நிற்கும். லதாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது திரையில் வாசிக்கச் செய்த எழுத்து, கடை வாசலில் நிற்கச் செய்ததில்லை. கடைக்காரர்கள் வேண்டுமென்று இப்படிச் செய்வதும் இல்லை. வேறு எழுத்து இருக்கிறது என்று யாரும் அவர்களுக்குக் காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

இங்கே தமிழ் பேசுகிறவர்கள் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. தமிழுக்கும் கன்னடத்துக்கும் அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. சட்டத்தில் இடம் கிடைத்த மொழிக்குக் கடைப்பலகையிலும் முறையான இடம் வேண்டும் என்று நான் கேட்பது பெரிய ஆசை இல்லை. மூன்று எழுத்தும் ஒரே பலகையில் சமமாக நிற்க மிக எளிதாக இடம் தருவது இந்தக் குண்டு எழுத்துதான். ஏன் என்று சொல்கிறேன்.

மலையாளம் பிறவியிலேயே உருண்டை. பனையோலையில் எழுத்தாணியால் நீளவாட்டில் நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியும், அதனால்தான் தெற்கே எழுத்துகள் வளைந்தன என்று பொதுவாகச் சொல்வார்கள். எங்கள் சித்தூர் வட்டாரம் முழுக்கக் கள்ளுக்கடை போர்டுகள் இருக்கின்றன. அதில் மலையாளத்தில் எழுதிய கள் என்ற சொல்லைப் பார்த்தால் தெரியும், மூலை என்பதே கிடையாது. ஆங்கிலத்துக்கும் உருண்டை எழுத்துகளில் நூறு வருட அனுபவம் இருக்கிறது. தமிழ் இரண்டுக்கும் நடுவே, பாதி நேர், பாதி வளைவு. கூர்மூலை வைத்த எழுத்துருவில் மூன்றையும் வைத்தால் ஆங்கிலமும் தமிழும் ஒரு பக்கம், மலையாளம் இன்னொரு பக்கம் என்று பிரிந்துவிடும். மூலையை மழுக்கினால் மூன்றும் ஒன்றுக்கொன்று நெருங்கி வருகின்றன. முனைகள் ஒரே ஆரத்தில் முடிந்தால், பலகை முழுக்க ஒரே கை எழுதியதாகத் தெரியும்.

இதற்காகவே உழைத்தவர்கள் இருக்கிறார்கள். மும்பையின் ஏக் டைப் குழு பலூ என்ற எழுத்துருவைச் செய்தது. தடித்த, முனை மழுங்கிய, குறும்பான எழுத்து. ஒன்பது இந்திய எழுத்துகளுக்கும் தனித்தனியாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் அந்தந்த ஊர்ப் பெயர் வைத்தார்கள்: தமிழுக்குப் பலூ தம்பி, மலையாளத்துக்குப் பலூ சேட்டன், தெலுங்குக்குப் பலூ தம்முடு. ஒவ்வொன்றிலும் ஆங்கில எழுத்தும் உண்டு. முதலில் ஒரே தடிமனில் வந்தது. பிறகு வந்த பலூ 2இல் ஐந்து தடிமன்கள் இருக்கின்றன. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், திறந்த உரிமம், கடைக்கும் லேபிளுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். எங்கள் ஊருக்கென்றே செய்த மாதிரி, தம்பியையும் சேட்டனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேலை முடிந்தது. தமிழில் ட-வின் மூலையை அவர்கள் விட்டிருக்கும் அளவு மிகச் சரி. ஒரே ஒரு குறை, மிகப் பெரிய பலகைக்கு அதன் அதிகபட்சத் தடிமனும் எனக்குக் கொஞ்சம் அடக்கமாகத் தெரிகிறது.

மலையாளத்தில் மஞ்சரி இருக்கிறது. சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் அமைப்பின் சந்தோஷ் தோட்டிங்கல் வரைந்து 2016இல் வந்தது. அதன் வளைவுகளைச் சுருள்வளைவுக் கணிதத்தை வைத்து வரைந்திருக்கிறார்கள். ஒரு வளைவு இன்னொரு வளைவுக்குள் நுழையும் இடத்தில் உடைசலே தெரியாது. முனைகள் எல்லாம் உருண்டை. பலூ சத்தமாகப் பேசுகிற எழுத்து என்றால் மஞ்சரி நிதானமானது. பத்தி பத்தியாக வாசிக்கவும் ஆகும். தமிழில் காய்னி என்று இன்னொன்று உண்டு. தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தது, துள்ளலாக இருக்கும். இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் போடக் கூடாது, அதற்குள் என்றால் அருமை.

இவையெல்லாம் யூனிகோட் எழுத்துருக்கள். இந்தத் தொழிலில் யூனிகோடுக்கு முந்தைய பாமினி, வானவில் எழுத்துருக்களில் இன்னும் தட்டச்சு செய்கிறவர்கள் நிறைய. பழக்கம் கையில் ஊறிப்போயிருக்கும். ஆனால் அந்த ஃபைலைக் கோயம்புத்தூர் அச்சகத்துக்கு அனுப்பினால், அங்கே அதே எழுத்துரு இல்லாவிட்டால் எழுத்துக் கூட்டம் குப்பையாகத் திறக்கும். யூனிகோடிலும், கோரல் டிரா என்கிற வடிவமைப்பு மென்பொருளின் பழைய பதிப்புகளில் கொம்பு இடம் மாறும். ஆகவே எதில் செய்தாலும் அனுப்புவதற்கு முன் எழுத்தைக் கர்வ் ஆக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, ஒரு முறை சொல் சொல்லாக வாசித்துவிட்டு அனுப்புவது நல்லது.

எழுத்துச் சீர்திருத்தமும் இதில் ஒரு கை கொடுத்திருக்கிறது. மலையாளத்தில் 1971இல் கூட்டெழுத்துகளைப் பிரித்து, உகர ஊகாரக் குறிகளைத் தனியாக எடுத்து வைத்தார்கள். தட்டச்சு இயந்திரத்துக்காகச் செய்தது. பழைய லிபியில் அடுக்கடுக்காக ஏறி நிற்கும் கூட்டெழுத்துகளைத் தடித்த கோட்டில் வரைந்தால் மூச்சு முட்டும். புதிய லிபியில் அந்தப் பாடு குறைவு. தமிழில் 1978இல் லை, ளை, னை, ணை எல்லாம் யானைத்துதிக்கை போன்ற பழைய கொம்பை விட்டு இப்போதைய உருவத்துக்கு வந்தன. பழைய லை அழகானது, வரைய ஆசையாக இருக்கும். ரெட்ரோ என்று கேட்டு வருகிறவர்கள் சிலருக்கு அதைப் போட்டுக் காட்டியிருக்கிறேன். வயதானவர்கள் முகம் மலரும். பேரப்பிள்ளைகளால் வாசிக்க முடியாது.

ரெட்ரோ என்றால் யாருடைய பழையது என்ற கேள்வியும் இங்கே வருகிறது. கூப்பர் பிளாக்கைப் பார்த்ததும் அமெரிக்கருக்கு எழுபதுகள் ஞாபகம் வரும். நமக்கு என்ன ஞாபகம் வரும்? எனக்கு எனாமல் பெயின்ட். தனியார் பஸ்ஸின் நெற்றியில் எழுதிய பெயர், சோடாக் கடையின் தகரப்பலகை, சிவகாசித் தீப்பெட்டி, தேர்தல் சுவர். நம்முடைய குண்டு எழுத்து அங்கே பிறந்தது. ஊரில் போர்டு எழுதுகிறவரை ஆர்ட்டிஸ்ட் என்றுதான் அழைப்பார்கள். எங்கள் ஆர்ட்டிஸ்ட் அண்ணன் ஒருவர் எழுதும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நூலில் சாக்பொடி தடவிச் சுவரில் இழுத்து அடிப்பார். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. சாக்பீஸில் எழுத்தைக் கோட்டுருவமாகப் போட்டுக்கொண்டு, உருண்டைப் பிரஷ்ஷால் முதுகெலும்பை இழுத்து, அப்புறம் இருபுறமும் தடிக்கவைப்பார். உருண்டைப் பிரஷ் நிற்கிற இடத்தில் முனை தானாக உருளும். தட்டைப் பிரஷ்ஷில் கூர்மையாக வெட்டி நிற்கும். எல்லாம் காய்ந்த பிறகு வலப்பக்கமும் கீழேயும் ஷேடு. கடைசியில் ஒவ்வோர் எழுத்தின் இடது தோளிலும் வெள்ளையில் ஒரு சின்னத் தீற்றல். அந்தத் தீற்றல் விழுந்ததும் எழுத்து சுவரிலிருந்து எழுந்து வெளியே வரும்.

ஞ எழுதும்போது உள்சுழியில் பிரஷ்ஷை லேசாகத் தூக்கிவிடுவார். கோடு அங்கே மெலியும். நான் திரையில் பெரிதாக்கிப் பார்த்துச் செய்கிற வேலையை அவர் மணிக்கட்டால் செய்கிறார். ‘இங்க அமுக்கினா ரொம்பிப் போகும் தம்பி’ என்பதோடு அவருடைய விளக்கம் முடிந்துவிடும். மலையாளமும் தமிழும் அவருக்கு ஒரே பிரஷ், ஒரே அழுத்தம், ஒரே ஷேடு. அதனால்தான் அவர் எழுதிய பழைய பலகைகளில் எந்த மொழியும் மற்றதற்குக் கீழே நிற்பதாகத் தெரியாது.

2019இல் கேரள அரசு பி.வி.சி. ஃப்ளெக்ஸைத் தடை செய்த பிறகு துணி பேனரும் சுவரெழுத்தும் கொஞ்சம் தலைதூக்கின. தேர்தல் வந்தால் இங்கே சுவர்களில் வேட்பாளர் பெயர்கள் இன்றும் தடித்த, ஷேடு வைத்த எழுத்தில்தான் நிற்கும். பஸ்களின் கதை வேறு. 2022 அக்டோபரில் எங்கள் மாவட்டத்தின் வடக்கஞ்சேரியில் நடந்த அந்தப் பெரிய விபத்துக்குப் பிறகு, சுற்றுலா பஸ்களுக்கு ஒரே வெள்ளை நிறம் என்ற விதி கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. உடம்பு முழுக்க வண்ணமும் குண்டு எழுத்துமாக ஓடிய பஸ்கள் போய்விட்டன. சாலையில் உயிர்தான் முக்கியம், அந்த விதியைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. ஆனால் அந்த எழுத்துகளை யாராவது முறையாகப் படமெடுத்து வைத்திருக்க வேண்டும். புதிதாக எழுத்துரு வரைய நினைக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்வேன்: எழுபதுகளின் அமெரிக்க எழுத்தை மாதிரியாக வைத்துக்கொள்வதற்கு முன் உங்கள் ஊர்ச் சுவரையும் தகரப்பலகையையும் போய்ப் பாருங்கள். மழையில் உரிவதற்குள் போய்ப் பாருங்கள்.

எங்கே போடக்கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரில் குண்டு எழுத்தைப் பார்த்திருக்கிறேன். இறந்தவருக்கும் துக்க வீட்டாருக்கும் செய்கிற அவமரியாதை அது. மருந்துக்கடையின் பெயரில் வேண்டுமானால் இருக்கட்டும், மருந்துச் சீட்டில் வேண்டாம். இரவில் உள்ளிருந்து எரிகிற எல்.இ.டி. எழுத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், வெளிச்சம் பரவி உள்ளிடைவெளியை விழுங்கிவிடும். ஒரு படி மெலிந்த தடிமனை எடுத்து, எழுத்துகளுக்கு நடுவே கூடுதலாக இடம் விட வேண்டும். முழு நோட்டீஸையும் இதில் அடிப்பதும் கூடாது. தலைப்புக்கு மட்டும், அதுவும் ஒன்றுக்கு. எல்லாமே கூவினால் எதுவும் காதில் விழாது.

புதிதாக ஒரு குண்டு எழுத்துரு கிடைத்தால் நான் முதலில் தட்டிப் பார்ப்பது எங்கள் ஊர்ப் பெயரைத்தான். கொழிஞ்சாம்பாறை. எண்ணிப் பார்த்தால் ஏழு எழுத்து. ஆனால் கொம்பு, துணைக்கால் எல்லாம் விரித்து வைத்தால் வரிசையில் பன்னிரண்டு உருவங்கள். மலையாளத்தில் அதே பெயர் ஐந்து எழுத்தில் அடங்கி, பத்து உருவங்களில் முடிந்துவிடும். ஆங்கிலத்தில் பதின்மூன்று, ஆனால் ஒவ்வொன்றும் ஒல்லி. மூன்றையும் ஒரே உயரத்தில் வைத்தால் தமிழ்தான் நீளும்; போர்டு வரைகிறவர் உடனே அதை நசுக்கப் பார்ப்பார். அங்கேதான் கை வைக்க விடக்கூடாது. எழுத்தின் உயரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம், அல்லது தமிழுக்கு முழு அகலத்தையும் கொடுத்து மற்ற இரண்டையும் கீழே ஒரே வரியில் வைக்கலாம். ழி-யின் மேல்கொம்பு ஞ்-இன் புள்ளியோடு மோதுகிறதா, ஞ-வின் உள்சுழி திறந்திருக்கிறதா, சா-வின் துணைக்கால் ர-வாகத் தெரிகிறதா, றை-யின் கொம்பில் இரண்டு சுழியும் தனித்தனியாக நிற்கிறதா என்று பார்ப்பேன். அப்புறம் அதை ஓர் அங்குல உயரத்துக்கு அச்செடுத்துக் கடை ஷட்டரில் ஒட்டிவிட்டு, சாலையைக் கடந்து எதிரே டீக்கடை வாசலில் நின்று வாசிப்பேன். உங்கள் ஊர்ப் பெயரிலும் இப்படி இரண்டு மூன்று சங்கடமான எழுத்துகள் நிச்சயம் இருக்கும். போர்டுக்காரர் ஆங்கிலத்தில் மாதிரி காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஊர்ப் பெயரைத் தமிழில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.